மகள் கூகுள் விளம்பரம் படிக்கிறேன் என்கிறாளா? ஃபீஸ் கட்டும் முன் இதைப் படியுங்கள்

அம்மா, பி.காம் முடித்த மகள் டிஜிட்டல் மார்க்கெட்டிங் படிக்க ஆசைப்படுகிறாள், இதை நம்பிப் பெரிய தொகை கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் படிப்பில் பல பிரிவுகள் உண்டு. கணக்கு வரும் பிள்ளைக்குப் பொருந்துவது தேடல் விளம்பரம். அது எப்படி நடக்கிறது என்று நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். மகளிடம் என்ன கேட்பது என்ற தயக்கம் போய்விடும்.

கூகுளில் ஒருவர் 'வெட் கிரைண்டர் விலை' என்று தேடினால், மேலே விளம்பரமாகச் சில கடைகள் வரும். கண்ணில் பட்டால் கடைக்காரருக்குச் செலவில்லை, அழுத்தினால்தான் காசு. கூகுள் இதை 2000-ல் ஆட்வேர்ட்ஸ் என்று தொடங்கியது, கிளிக்குக்குக் காசு என்ற ஏல முறை 2002-ல் வந்தது, 2018-ல் பெயர் கூகுள் ஆட்ஸ் ஆனது.

ஒவ்வொரு தேடலுக்கும் ஓர் ஏலம் நடக்கும். அதிகம் கேட்டவருக்கே முதலிடம் என்று நினைத்துவிடாதீர்கள். வகுப்பில் சொல்லித்தரும் எளிய கணக்கு இது: கோயம்புத்தூரில் ஒரு கடை கிளிக்குக்கு 30 ரூபாய் என்று ஏலம் கேட்கிறது, தரம் 10-க்கு 4, பெருக்கினால் 120. இன்னொரு கடை 18 ரூபாய்தான் கேட்கிறது, தரம் 8, வருவது 144. இரண்டாவது கடைதான் மேலே வரும். அது கட்டுவதும் 18 அல்ல. 120-ஐத் தாண்டப் போதுமான தொகை, அதாவது 15 ரூபாய்க்குச் சற்று மேல். நிஜ ஏலத்தில் தேடுபவரின் ஊர், நேரம், சாதனம் எல்லாம் சேரும். தரம் என்பது மூன்று விஷயம்: விளம்பரத்தை அழுத்த எவ்வளவு வாய்ப்பு, தேடிய சொல்லுக்கு அது பொருந்துகிறதா, அழுத்திப் போய்ச் சேரும் பக்கம் உருப்படியாக இருக்கிறதா. கிரைண்டர் விலை தேடியவரைக் கடையின் முகப்புப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டால் மூன்றாவது அடிபடும்.

புதியவர்கள் காசைக் கரைக்கும் இடம் சொல் பொருத்தம், அதாவது நாம் கொடுக்கும் சொல்லோடு மக்கள் தேடுவது எவ்வளவு ஒத்துப்போனால் விளம்பரம் வரும் என்ற அமைப்பு. 'கிரைண்டர்' என்று மட்டும் போட்டு, தொடர்புள்ள தேடல்களுக்கெல்லாம் விளம்பரம் காட்டும், தானாக வரும் 'பிராட்' பொருத்தத்திலேயே விட்டால், ஆங்கிள் கிரைண்டர் தேடும் வெல்டரும், பெல்ட் அறுந்துபோனவரும், செகண்ட் ஹேண்ட் தேடுபவரும் அழுத்துவார்கள். விற்பனை நடக்காது, ஒவ்வொரு அழுத்தலுக்கும் 15 ரூபாய் போகும். முதலில் நம் சொல்லின் பொருள் தேடலுக்குள் இருந்தால் காட்டும் 'ஃப்ரேஸ்', அதே பொருளில் தேடினால் மட்டும் காட்டும் 'எக்ஸாக்ட்' பொருத்தங்களில் தொடங்க வேண்டும். பிறகு மக்கள் உண்மையில் என்ன தட்டினார்கள் என்று காட்டும் 'சர்ச் டெர்ம்ஸ்' அறிக்கையைத் தொடக்க வாரங்களில் தினமும் பார்த்து, வேண்டாத சொற்களை 'நெகட்டிவ்' பட்டியலில் சேர்க்க வேண்டும். இதில் ஒரு வழுக்கல் உண்டு: நெகட்டிவ் சொல் அதே பொருள் தரும் வேறு சொல்லைத் தடுக்காது. 'ரிப்பேர்' என்று போட்டாலும் 'சர்வீஸ்' உள்ளே வரும். இரண்டையும் போட வேண்டும். நம் ஊரில் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுபவர்கள் ஏராளம். அந்தச் சொற்களை ஊகிப்பதில் உங்கள் மகளுக்கு இயல்பாகவே கை ஓங்கும்.

இன்னும் இரண்டு அமைப்புகளைக் கவனிக்க வேண்டும். இடம் என்ற பகுதியில் கோயம்புத்தூரைத் தேர்ந்தெடுத்தாலும், அந்த ஊரில் ஆர்வம் காட்டும் வெளியூர்க்காரருக்கும் விளம்பரம் போகும்படிதான் முதலில் இருக்கும். உள்ளூரில் மட்டும் டெலிவரி செய்யும் கடைக்கு அதை மாற்றியே ஆக வேண்டும். தேடல் விளம்பரத்தோடு, மற்ற இணையதளங்களிலும் விளம்பரம் காட்டும் 'டிஸ்ப்ளே நெட்வொர்க்' டிக் செய்திருந்தால் எடுத்துவிட வேண்டும்.

தினசரி பட்ஜெட் 500 ரூபாய் என்றால் சில நாள் 1,000 வரை போகலாம். ஆனால் மாதத்துக்கு 30.4 மடங்கு, அதாவது 15,200-ஐத் தாண்டாது. 18 சதவீத ஜிஎஸ்டி தனி. 15,000 ரூபாயில் 1,000 கிளிக் வந்து 20 கிரைண்டர் விற்றால், ஒரு விற்பனைக்கு விளம்பரச் செலவு 750. கிரைண்டருக்கு லாபம் 600 தான் என்றால் கடை நஷ்டத்தில் ஓடுகிறது, கிளிக் எத்தனை வந்தாலும் சரி. இந்தக் கணக்கைக் கடைக்காரர் கேட்கும் முன்பே எடுத்துச் சொல்பவரைத்தான் நிறுவனங்கள் தேடுகின்றன. பி.காம் படிப்பு இங்கே வீண் போகாது. ஆனால் விற்பனையைச் சரியாக எண்ணினால்தான் கணக்கு நிற்கும். விற்பனையை எண்ணக் கடையின் இணையதளத்தில் சேர்க்கும் குறியீட்டை ஆர்டர் முடிந்ததும் வரும் 'நன்றி' பக்கத்தில் வைக்காமல் எல்லாப் பக்கத்திலும் வைத்துவிட்டால், சும்மா எட்டிப் பார்த்தவரும் வாங்கியவராகப் பதிவாவார்.

பாடங்கள் கூகுளின் 'ஸ்கில்ஷாப்' தளத்தில் இலவசம். தேர்வும் இலவசம், 80 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி, சான்றிதழ் ஓராண்டு செல்லும். முதலில் அதை முடிக்கட்டும். பிறகு உறவினர் கடை ஏதாவது ஒன்றுக்கு, அவர் சம்மதத்தோடு, தினம் 200 ரூபாய் வீதம் 10 நாள் விளம்பரம் ஓட்டிப் பார்க்கட்டும். விளம்பரக் கணக்கு கடைக்காரரின் மின்னஞ்சலில்தான் இருக்க வேண்டும். மகள் அவர் பாஸ்வேர்டை வாங்க வேண்டாம், அந்தக் கணக்கில் தன்னைப் பயனராகச் சேர்க்கும்படி அவரிடம் கேட்கச் சொல்லுங்கள். எந்தச் சொல்லுக்கு எவ்வளவு போனது, எதை நிறுத்தினாள், ஏன் என்று ஒரு தாளில் எழுதி வைக்கட்டும். நேர்காணலில் சான்றிதழைவிட அந்தத் தாளைப் பற்றித்தான் அதிகம் பேச முடியும்.

இதற்குப் பிறகும் பயிற்சி மையம் வேண்டுமென்றால், நேரில் போய் ஒன்று மட்டும் கேளுங்கள்: மாணவர்கள் நிஜப் பணம் ஓடும் கணக்கில் கை வைப்பார்களா, திரையில் காட்டுவதோடு சரியா? பதில் மழுப்பலாக வந்தால் ஃபீஸ் கட்டாமல் திரும்பி வாருங்கள்.