கத்தரிப் பாத்தியில் கோரை: பிடுங்கினாலும் முளைப்பது ஏன்?

பிடுங்குவதை நிறுத்திவிட்டுத் தோண்டிக் கிழங்கை எடுங்கள். வாராவாரம் பிடுங்கியும் திரும்பத் திரும்பக் கோரை முளைக்கிறது என்கிறீர்கள். தண்டு மட்டும் அறுந்து, கிழங்கு மண்ணில் தங்குவதுதான் காரணமாக இருக்கும்.

தண்டை விரலில் உருட்டிப் பாருங்கள். மூன்று விளிம்பு தட்டுப்பட்டால் கோரைதான். அப்புறம் ஈர மண்ணில் ஒரு அடி தோண்டுங்கள். கறுத்த கிழங்குகள் நூலில் கோத்த மணிபோல ஒன்றன்பின் ஒன்றாக வரும், முகர்ந்தால் வாசனை அடிக்கும். பொறுக்கி வெயிலில் சுருங்கக் காயவிடுங்கள். உரக்குழியில் மட்டும் போடாதீர்கள்.

தப்பியது முளைக்கத்தான் செய்யும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, சலிக்காமல் கிழங்கோடு எடுங்கள். பாலித்தீன் விரிப்பை நம்பாதீர்கள், கோரைக் குருத்து ஊசிபோலத் துளைத்துவிடும். நிழல்தான் அதற்கு ஆகாது. காலிப் பாத்தியில் சர்க்கரைவள்ளிக் கொடி அடர்த்தியாகப் படரட்டும்.