புது பேட்டரியும் அரை மணி நேர அவசரமும்: நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: டிராக்டர் பேட்டரியில் திரவ மட்டம் இறங்கிவிட்டது. ஆசிட் வாங்கி ஊற்றலாமா? (ஆற்காடு)

பதில்: கூடாது. சிந்திப் போயிருந்தால் ஒழிய, குறைந்திருப்பது தண்ணீர்தான். ஆசிட் உள்ளேயே இருக்கிறது. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள்.

கேள்வி: சொந்த லாரிக்கு 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு வாங்கினேன். கண்ணெதிரே ஆசிட் ஊற்றி, அரை மணி நேரத்தில் வண்டியில் மாட்டிக் கொடுத்தார்கள். நான்கே மாதத்தில் காலையில் வண்டி கிளம்ப மறுக்கிறது. வண்டி ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் தரும் ஆல்டர்னேட்டரில்தான் கோளாறு என்கிறார் கடைக்காரர். (குடியாத்தம்)

பதில்: ஆல்டர்னேட்டரை ஓர் ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் காட்டி, அவர் கண்டதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், கடைக்காரருக்கு அந்தச் சாக்கும் இல்லாமல் போகட்டும். என் சந்தேகமெல்லாம் அந்த அரை மணி நேரத்தின் மேல்தான்.

ஆசிட் இல்லாமல் உலர்நிலையில் வரும் பேட்டரியின் பிளேட்டுகள் தொழிற்சாலையிலேயே சார்ஜ் ஏற்றப்பட்டவை என்பது உண்மையே. ஆனால் கிடங்கில் கிடக்கும் மாதங்களில், சீல் சரியில்லாத இடத்தில் புகும் ஈரக்காற்று, நெகட்டிவ் பிளேட்டின் ஈயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆக்சைடாக்கிவிடுகிறது. ஆசிட் பட்டதும் அந்த ஆக்சைடு அதனோடு வினைபுரிவதால் செல் சூடேறுகிறது, ஆசிட்டின் அடர்த்தி இறங்குகிறது. பிளேட்டுகள் உறிஞ்சிக்கொள்வதால் மட்டமும் தாழ்கிறது. அரை மணி நேரம் என்பது இந்த ஊறலுக்கு மட்டுமே. அதன்பின் மட்டத்தைச் சரிசெய்து, முதல் சார்ஜ் ஏற்றியே வண்டியில் மாட்ட வேண்டும். நம் ஊர் வெயிலுக்குப் பெரும்பாலும் (தண்ணீரை 1 என்று வைத்தால்) 1.240 அளவு அடர்த்தியுள்ள ஆசிட் போதும், குளிர்நாடுகளில் 1.260க்கு மேலும் ஊற்றுவார்கள். எனினும் பேட்டரியின் மேல் அச்சிட்டிருப்பதே இறுதி. கரண்டையும் அதன்படியே வையுங்கள்; அச்சிடாத இடத்தில், 150 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு ஏழெட்டு ஆம்பியர் என்று மெதுவாக ஏற்றுவது பாதுகாப்பானது. எத்தனை மணி நேரம் என்று கடிகாரத்தைக் கேட்காதீர்கள். ஆறு செல்களும் நன்றாகக் குமிழிவிட்டு, மணிக்கொரு முறை பார்த்த அடர்த்தியும் வோல்டேஜும் மூன்று முறை தொடர்ந்து மாறாமல் நின்றால்தான் சார்ஜ் முழுமை. நடுவில் தொட முடியாத அளவு சூடேறினால், கரண்டைக் குறைக்க வேண்டும் அல்லது நிறுத்தி ஆறவிட வேண்டும். மூடிகளின் வழியே வெளியேறுவது ஹைட்ரஜன் என்பதால் பக்கத்தில் பீடி கூடாது.

வாணியம்பாடியிலிருந்து வாலாஜா வரை நான் நின்று பார்த்த கடைகளில் ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் விற்பனைக்குத் தொங்குகிறதே தவிர, ஒருவர் கையிலும் கண்டதில்லை. "ஓட ஓடத் தானாக ஏறிவிடும்" என்பார்கள். ஏறாது. 24 வோல்ட்டுக்காகத் தொடராக இணைத்த இரண்டில் ஒன்று பலவீனமாகத் தொடங்கினால், ஆல்டர்னேட்டர் தருவதை இரண்டும் சமமாக வாங்கிக்கொள்வதில்லை. அரைகுறையாக ஏறிய பிளேட்டில் சல்ஃபேட் கெட்டிப்பட்டு, வாங்கிய கொள்ளளவில் ஒரு பகுதி திரும்பாமலே போய்விடுகிறது. ஒரு பகல் காத்திருக்க மனமில்லாத கடைக்காரருக்காக நீங்கள் இரண்டு பேட்டரிகளை இழக்கிறீர்கள்.

கேள்வி: போர் தண்ணீரைக் காய்ச்சி, ஆறவைத்து ஊற்றினால் என்ன? (ராணிப்பேட்டை)

பதில்: காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு சாகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரையே கெடுத்திருக்கும் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வருவது எனக்கு வியப்பாக இருக்கிறது. நானும் இதில் யோக்கியன் இல்லை. 'டிஸ்டில்டு' என்று எழுதியிருந்த வெள்ளை கேன் ஒன்றை விலை குறைவென்று வாங்கி, ஒரு வருடம் ஊற்றிய பிறகே, சந்தேகத்தில் இரண்டு கரண்டி எடுத்து எவர்சில்வர் தட்டில் வற்றவைத்துப் பார்த்தேன். தட்டில் வெள்ளைப் படிவம் நின்றது. அந்தச் சோதனையை நீங்கள் முதலிலேயே செய்துவிடுங்கள்.

கேள்வி: பில் இல்லாமல் வாங்கினால் விலை குறைத்துத் தருவதாகச் சொன்னார்கள், வாங்கினேன். இப்போது வாரண்டி இல்லை என்கிறார்கள். (காட்பாடி)

பதில்: வேறென்ன சொல்வார்கள்? பணத்தைப் போனில் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவைத் தேடி எடுங்கள். அது ஒரு சான்று. ரொக்கமாகக் கொடுத்திருந்தால், குறைத்துக்கொண்ட விலையை நினைத்து ஆறுதல் அடையுங்கள்.

கேள்வி: பில், வாரண்டி அட்டை எல்லாம் இருந்தும் மாற்றித் தர மறுக்கிறார்கள். லாரி வியாபார வாகனம் என்பதால் நுகர்வோர் கோர்ட்டுக்கே போக முடியாதாம். நானே ஓட்டிப் பிழைக்கும் ஒற்றை லாரி இது. (பள்ளிகொண்டா)

பதில்: உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்கள், ஐயா. வியாபார நோக்கத்தில் வாங்கியவர் நுகர்வோர் அல்லர் என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்வது உண்மைதான். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கித் தானே பயன்படுத்துவது வியாபார நோக்கம் ஆகாது என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. அதைக் கடைக்காரர் சௌகரியமாக விட்டுவிட்டார். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அசையாவிட்டால், குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்கு மேற்படாததால் கட்டணம் கிடையாது. தேவைப்பட்டால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. ஆகவே பேட்டரியை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். "ஆசிட்டை மாற்றிப் பார்க்கிறேன்" என்று யார் வந்தாலும் மூடியைத் திறக்க விடாதீர்கள்.