அப்பாவே பிள்ளையைக் கொண்டுபோனால் எஃப்.பி.ஐ. வருமா?

கேள்வி: நியூஜெர்சி எடிசனில் ஒன்பது வருடமாக இருக்கிறோம். மகனுக்கு 7 வயது, பிறந்ததே இங்கேதான். விடுமுறைக்கு அண்ணன் வீட்டுக்குப் போய்வருகிறேன் என்று அவனை டெக்சாஸுக்கு அழைத்துப்போன கணவர், மூன்று வாரம் ஆகியும் திரும்பவில்லை. “இனிமேல் அவன் இங்கேதான்” என்கிறார். பையனின் பாஸ்போர்ட்டும் அவரிடம். சென்னைக்குக் கொண்டுபோய்விடுவாரோ என்று தூக்கமே இல்லை. கோர்ட்டில் எங்களுக்குள் எந்த வழக்கும் கிடையாது. மாநிலம் தாண்டினால் ஃபெடரல் (மத்திய அரசுச் சட்டப்படியான) குற்றம், எஃப்.பி.ஐ. பிடித்துவரும் என்கிறார்கள் தெரிந்தவர்கள். 12,000 டாலர் கொடுத்தால் எஃப்.பி.ஐ.யில் ‘கேஸ் ஓப்பன்’ செய்து தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். எஃப்.பி.ஐ.யிடம் புகார் சொல்லக் கட்டணமே கிடையாது. வழக்கை எடுப்பதா வேண்டாமா என்று முடிவுசெய்கிறவர்களிடம் எந்த ஏஜெண்டின் சிபாரிசும் செல்லாது.

மாநிலம் தாண்டினால் ஃபெடரல் குற்றம் என்று உங்களுக்குச் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சட்டம் உங்கள் கணவரைப் போன்றவரை மனதில் வைத்து எழுதப்பட்டதல்ல. அது எப்படி வந்தது என்று பார்த்தால் இது விளங்கிவிடும்.

1932 வரை அமெரிக்காவில் ஆள்கடத்தல் அந்தந்த மாநிலத்தின் தலைவலி. மிசௌரியின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் ஒரு பணக்காரரைக் காரில் அள்ளிப்போட்டுக்கொண்டு மிசிசிப்பி ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் இல்லினாய் மாநிலம் வந்துவிடும். மிசௌரி போலீஸின் அதிகாரம் பாலத்தோடு முடிந்தது. மதுவிலக்குக் காலத்துக் கும்பல்களுக்கு இது நல்ல வசதி. பொறுக்கமுடியாமல் மிசௌரி உறுப்பினர்கள் 1931 கடைசியில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில், மாநிலம் தாண்டிக் கடத்துவதை ஃபெடரல் குற்றமாக்கும் மசோதா கொண்டுவந்தார்கள். மாநில அதிகாரத்தில் மத்திய அரசு கைவைப்பதா என்ற தயக்கத்தில் அது நகராமல் கிடந்தது.

1932 மார்ச் 1 இரவு, உங்கள் நியூஜெர்சியிலேயே, ஹோப்வெல் பக்கத்தில், விமானி சார்லஸ் லிண்ட்பெர்கின் 20 மாதக் குழந்தையை ஏணி வைத்து ஏறி ஜன்னல் வழியாகத் தூக்கிப்போனார்கள். 50,000 டாலர் கேட்டுச் சீட்டு. பிராங்ஸ் கல்லறைத் தோட்டத்தில் பணமும் கொடுத்தாயிற்று. மே 12-ல் வீட்டிலிருந்து சில மைல் தள்ளி, குழந்தையின் உடல்தான் கிடைத்தது. நாடே கொதித்தபிறகு மசோதா ஓடியது. ஜூன் 22-ல் ஜனாதிபதி ஹூவர் கையெழுத்துப் போட்டார். நம் சட்டசபைகளுக்கும் நாடாளுமன்றத்துக்கும் எப்போது அவசரம் வரும் என்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது. இத்தனைக்கும் கடத்தியவர் என்று பிடிபட்ட ஹாப்ட்மனை அந்தப் புதுச் சட்டத்தில் விசாரிக்கவில்லை. குற்றம் நடந்தபிறகு வந்த சட்டம் அது. பிளெமிங்டன் ஊர்க் கோர்ட்டில் நியூஜெர்சி சட்டப்படியே கொலை வழக்கு நடந்தது.

உங்களிடம் 12,000 கேட்கிற ஆளுக்கு முன்னோர்களும் அந்த வழக்கிலேயே இருக்கிறார்கள். காஸ்டன் மீன்ஸ் என்ற முன்னாள் அரசு உளவாளி, கடத்தல்காரர்களை எனக்குத் தெரியும் என்று சொல்லி, வாஷிங்டனின் பெரும் பணக்காரி எவலின் மக்லீனிடம் 1,00,000 டாலர் வாங்கினார். குழந்தை வரவில்லை, பணமும் வரவில்லை, மீன்ஸ் சிறைக்குப் போனார். நார்ஃபோக்கைச் சேர்ந்த ஜான் கர்ட்டிஸ் என்ற படகு கட்டுபவர், கடத்தல் கும்பலோடு தொடர்பில் இருக்கிறேன் என்று சொல்லி லிண்ட்பெர்கைக் கடலில் தேட வைத்தார். எல்லாம் கட்டுக்கதை. பிள்ளையைத் தொலைத்தவர் எதையும் நம்புவார் என்பது இவர்களுக்குத் தெரியும். இன்று அதே ஆள் ‘கன்சல்டண்ட்’ என்று வாட்ஸப்பில் வருகிறார். இன்னொரு வகை, “நாங்களே போய்ப் பையனைத் தூக்கிவந்துவிடுகிறோம்” என்கிற முன்னாள் பாதுகாப்பு ஆட்கள். அவர்களை அனுப்பினால் குற்றவாளிக் கூண்டில் நிற்கப்போவது நீங்கள்.

இப்போது உங்களுக்கு முக்கியமான இடம். 1934-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது ஒரு விலக்கைச் சேர்த்தார்கள்: மைனர் பிள்ளையைப் பெற்றவரே கொண்டுபோனால் இந்தச் சட்டம் பொருந்தாது. கணவன் மனைவி சண்டையில் எஃப்.பி.ஐ. நுழையவேண்டாம் என்பது நோக்கம். இன்றைக்கும் அது அப்படியே இருக்கிறது. “அவர் பொய் சொல்லி அழைத்துப்போனார்” என்றாலும் விலக்கு உண்டு. “நாங்கள் பிரிந்துவிட்டோம்” என்றாலும் உண்டு. தற்காலிக கஸ்டடி ஆர்டர் உங்கள் கையில் இருந்தால்கூட அவர் தந்தைதான். கோர்ட்டின் இறுதித் தீர்ப்பு ஒருவருடைய பெற்றோர் உரிமையையே அடியோடு ரத்து செய்திருந்தால் மட்டும் விலக்கு போய்விடும். கஸ்டடி இழப்பது வேறு, உரிமை ரத்தாவது வேறு. இதை வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன், ஆர்டரைக் காட்டி “இதுதானே சார் ரத்து?” என்கிறார்கள். இல்லை, அம்மா. உங்கள் வழக்கில் அது நடக்கவில்லை, நடக்கப்போவதும் இல்லை.

அதனால் நீங்கள் போகவேண்டிய இடம் நியூ பிரன்ஸ்விக்கில் இருக்கும் மிடில்செக்ஸ் கவுண்டியின் குடும்ப நீதிமன்றம். கஸ்டடிக்கு ‘ஆர்டர் டு ஷோ காஸ்’ என்ற அவசர மனுவாகப் போடச் சொல்லுங்கள். பையன் கடைசி ஆறு மாதம் வாழ்ந்த மாநிலத்துக்கே முதல் அதிகாரம் என்பது விதி. அவன் போய் ஆறு மாதம் ஆகும்வரை, நீங்கள் இங்கே இருக்கிறவரை, அந்த அதிகாரம் நியூஜெர்சிக்கு இருக்கும். பெரியவர்கள் பேசிப் பார்க்கட்டும் என்று காத்திருப்பதுதான் நம்மவர்கள் விழுகிற குழி. ஆறு மாதத்துக்குப் பிறகு அவர் டெக்சாஸ் கோர்ட்டில் முந்திக்கொண்டால் அலைச்சல் உங்களுக்கு. இங்கே முறையாக நோட்டீஸ் கொடுத்து வாங்கிய ஆர்டரை டெக்சாஸ் மதித்தாகவேண்டும் என்று 1980-ன் ஃபெடரல் சட்டம் சொல்கிறது.

போலீஸிலும் இன்றே எழுதிக் கொடுங்கள். பெற்றவர்களுக்கிடையிலும் கஸ்டடியில் குறுக்கிடுவது நியூஜெர்சியில் குற்றமாகலாம். “இது சிவில் விவகாரம், வக்கீலைப் பாருங்கள்” என்று கவுண்டரில் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். அந்த வாக்கியத்தை நான் எத்தனை ஸ்டேஷனில் கேட்டிருக்கிறேன் என்று கணக்கில்லை. சூப்பர்வைசரைக் கேளுங்கள், ரிப்போர்ட் நம்பர் வாங்காமல் நகராதீர்கள். நாளை அவர் போன் எடுப்பதை நிறுத்தி, பையன் எங்கே என்றே தெரியாமல் போனால், 24 மணி நேரம் காத்திருங்கள் என்று எவர் சொன்னாலும் கேட்காதீர்கள். பிள்ளை காணவில்லை என்ற புகாருக்குக் காத்திருப்புக் காலம் கூடாது என்று 1990-லேயே சட்டம் வந்துவிட்டது. கடத்தல் சட்டத்தில் வரும் 24 மணி நேரம் வேறு: அதற்குள் விடுவிக்காவிட்டால் மாநிலம் தாண்டியதாக அனுமானிக்கலாம் என்பதற்கு, அவ்வளவுதான். டிவி சீரியல்கள் அதைக் குழப்பிவிட்டன.

சென்னைப் பயம் நியாயமானது. 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை மற்ற பெற்றோரின் உரிமையைத் தடுக்கும் நோக்கத்தோடு நாட்டைவிட்டுக் கொண்டுபோவது 1993 முதல் ஃபெடரல் குற்றம்தான், மூன்று வருடம்வரை சிறை. எஃப்.பி.ஐ. வருவது பெரும்பாலும் அந்தக் கட்டத்தில். ஆனால் அப்போது வரும் கைது வாரண்ட் அப்பாவைப் பிடிக்கத்தான், பையனைக் கொண்டுவர அல்ல. இப்படி வேறு நாட்டுக்குக் கொண்டுபோன பிள்ளையைத் திருப்பி அனுப்பச் சொல்லும் 1980-ன் ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. நீங்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போடவேண்டும், அங்கே அமெரிக்க ஆர்டர் பல அம்சங்களில் ஒன்றாகத்தான் பார்க்கப்படும். 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது அதுதான்: பிள்ளையின் நலனே முதன்மை. அந்த வழக்கு முடிவதற்குள் பையன் எத்தனை வகுப்பு தாண்டுவானோ.

ஆகவே போகாமல் தடுப்பதே வழி. அமெரிக்க ஏர்போர்ட்டில் வெளியேறும்போது குடியேற்றச் சோதனை கிடையாது, கையில் பாஸ்போர்ட் இருந்தால் ஏறிவிடலாம். பிள்ளைகள் பாஸ்போர்ட் எச்சரிக்கைத் திட்டத்தில் பெயர் பதியலாம், ஆனால் பையன் பெயரில் யாராவது புதிதாகப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தால் மட்டுமே அது உங்களுக்குச் சொல்லும். ஆகவே ஜட்ஜிடம் ஆர்டரில் வெளிப்படையாக எழுதக் கேளுங்கள்: பையன் அமெரிக்காவை விட்டு வெளியே போகக்கூடாது, பாஸ்போர்ட்டையும் ஓ.சி.ஐ. அட்டை (விசா இல்லாமல் இந்தியா போக உதவுவது) இருந்தால் அதையும் கோர்ட்டில் ஒப்படைக்கவேண்டும். அந்த ஆர்டரின் நகலை அமெரிக்க வெளியுறவுத் துறையின் குழந்தைகள் பிரிவுக்கு அனுப்பினால், எல்லைப் பாதுகாப்புத் துறையின் தடுப்புப் பட்டியலில் பையன் பெயரைச் சேர்க்கக் கேட்பார்கள். அதற்கும் கட்டணம் இல்லை.