கோ மொழியில் கம்பைலரைப் புதுப்பித்தாலே புரோகிராம் வேகமாகிவிடுமா?

கேள்வி இதுதான்: கோ மொழியில் எழுதிய புரோகிராம் மெதுவாக ஓடுகிறது, கம்பைலரின் (நாம் எழுதும் கோடை மெஷினுக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) புதிய பதிப்புக்கு மாறினால் போதுமா, எழுதிய கோடைத் திருத்த வேண்டுமா?

முதலில் மாறிப் பாருங்கள், காசா பணமா. ஆனால் எந்த பிராசஸரில் ஓடுகிறது என்பதைப் பொறுத்துத்தான் பலன்.

2016 ஆகஸ்டில் கோ 1.7 பதிப்பு வந்தது. மெஷின் கோடை உருவாக்கும் பகுதியை எஸ்எஸ்ஏ முறையில் (ஒவ்வொரு மாறிக்கும் ஒரே ஒரு முறை மட்டும் மதிப்பு தருகிற, கம்பைலரின் உள் வடிவம்) புதிதாக எழுதியிருந்தார்கள். சிபியு நேரம் 5 முதல் 35 சதவீதம் வரை குறையும் என்றது வெளியீட்டுக் குறிப்பு. என் லேப்டாப்பில் வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. அதே புரோகிராமை வீட்டிலிருந்த ராஸ்பெரி பையில் (ஏஆர்எம் வகை பிராசஸர் உள்ள குட்டிக் கம்ப்யூட்டர்) ஓட்டினால், பழைய வேகமேதான். இரண்டு நாள் என் கோடில் தப்பைத் தேடினேன். தப்பு அங்கே இல்லை. அந்தப் புதிய பகுதி அப்போது 64 பிட் இன்டெல், ஏஎம்டி வகைக்கு மட்டும்தான் தயாராகியிருந்தது. 2017 பிப்ரவரியில் 1.8 வந்தபோது மற்ற பிராசஸர்களுக்கும் கிடைத்தது; 32 பிட் ஏஆர்எம்மில் 20 முதல் 30 சதவீதம் சிபியு நேரம் மிச்சம். நான் ஒரு வரிகூட மாற்றவில்லை.

2021ல் 1.17 வந்தபோதும் இதே கதை. ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் மதிப்புகளை ஸ்டாக்கில் (மெமரியின் ஒரு பகுதி) வைப்பதை விட்டு, பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான ரெஜிஸ்டரிலேயே கொடுக்க ஆரம்பித்தார்கள். முதலில் 64 பிட் இன்டெல் வகைக்கு. 64 பிட் ஏஆர்எம்முக்கு அடுத்த ஆண்டு 1.18ல். ஒரே கோட் எல்லா இடத்திலும் ஓடும், சரி. ஆனால் ஒவ்வொரு பிராசஸருக்கும் யாரோ உட்கார்ந்து தனியாக உழைத்தால்தான் அங்கே வேகம் வரும். அந்த உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

அப்புறம், கம்பைலர் காப்பாற்றாத இடமும் இருக்கிறது. லூப்புக்குள் கூட்டல் குறி போட்டு ஸ்ட்ரிங்கை (எழுத்துத் தொடர்) நீட்டிக்கொண்டே போவதைச் சொல்கிறேன். கோ மொழியில் ஒருமுறை உருவான ஸ்ட்ரிங்கை மாற்ற முடியாது. ஒட்டும் ஒவ்வொரு முறையும் அதுவரை சேர்ந்தது முழுக்கப் புதிய இடத்துக்கு நகலாகும். 40 பைட் வரிகள் 10,000 என்று வையுங்கள். கையில் கிடைப்பது 4 லட்சம் பைட். அதற்காக நகலெடுப்பது சுமார் 200 கோடி பைட்! பழைய நகல்களை அள்ளும் வேலை, வேண்டாத மெமரியைத் திரும்ப எடுக்கும் கார்பேஜ் கலெக்டருக்கு.

இதற்காகவே 2018ல் 1.10 பதிப்பின் ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் ஸ்ட்ரிங்ஸ் பில்டர் (strings.Builder) வந்தது. அதற்கு முன்பே இருந்த பைட்ஸ் பஃபர் (bytes.Buffer) கடைசியில் ஸ்ட்ரிங்காக மாற்றித் தரும்போது இன்னொரு நகல் எடுக்கும். பில்டர் அதையும் எடுப்பதில்லை. மொத்த நீளம் முன்பே தெரிந்தால் பில்டரின் 'குரோ' (Grow) ஃபங்ஷனைக் கூப்பிட்டு இடத்தை ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள்.

கூட்டல் குறி, பில்டர் இரண்டுக்கும் பெஞ்ச்மார்க் (வேகத்தை அளக்கும் சோதனை) எழுதி, மெமரி கணக்கோடு ஓட்டுங்கள். லேப்டாப்பில் அல்ல, புரோகிராம் நிஜமாக ஓடப்போகும் மெஷினில்.