தூணில் 22, காரில் 7: மின்கார் சார்ஜர்கள் குறித்து வாசகர் கேள்விகள்

கேள்வி: பொது இடத்துச் சார்ஜர் ஒன்றில் 22 கிலோவாட் என்று எழுதியிருந்தது. என் காரை இணைத்தபோது 7 கிலோவாட்டுக்கு மேல் ஏறவே இல்லை. சார்ஜர் பழுது என்று புகார் செய்யலாமா?

பதில்: புகார் செய்வதற்கு முன் உங்கள் காரின் கையேட்டைப் பாருங்கள், விடை பெரும்பாலும் அதில்தான் இருக்கும். மின்கட்டமைப்பிலிருந்து வருவது மாறுதிசை மின்சாரம், அதாவது ஏசி; பேட்டரி ஏற்றுக்கொள்வதோ நேர்திசை மின்சாரமான டிசி மட்டுமே. ஆகவே எங்கோ ஓரிடத்தில் ஏசி டிசியாக மாற்றப்பட்டாக வேண்டும். அந்த மாற்றம் காருக்குள் நடக்கிறதா, வெளியே நடக்கிறதா என்பதுதான் சார்ஜர் வகைகளுக்கு இடையிலான முதல் வேறுபாடு. மற்ற எதையும்விட இதை அறிந்துகொள்வதே பயன் தரும் என்பது என் கருத்து.

22 கிலோவாட் என்று குறிக்கப்பட்டவை பொதுவாக ஏசி தூண்கள், அதாவது தூண் வடிவில் நிற்கும் ஏசி சார்ஜர்கள். அவை மின்சாரத்தைப் பாதுகாப்பாகக் காரிடம் ஒப்படைப்பதோடு சரி. மாற்றும் வேலையைச் செய்வது காருக்குள் பொருத்தப்பட்டிருக்கும் ஆன்போர்டு சார்ஜர்தான். மூன்று ஃபேஸ்களிலும் தலா 32 ஆம்பியர் எடுத்தால்தான் 22 கிலோவாட் கிடைக்கும். உங்கள் காரின் ஆன்போர்டு சார்ஜர் ஒற்றை ஃபேஸ் வகையாக இருந்தால், அது அந்த மூன்றில் ஒரு பங்கை, அதாவது ஏறத்தாழ 7.4 கிலோவாட்டை மட்டுமே எடுத்துக்கொள்ளும். தூண் மீது எந்தக் குற்றமும் இல்லை.

டிசி விரைவுச் சார்ஜரில் மாற்றும் கருவி, அலமாரி அளவுள்ள அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. அவ்வளவு பெரிய கருவியைக் காரில் சுமந்து திரிய முடியாது என்பதால் அது வெளியே வைக்கப்பட்டு, ஆன்போர்டு சார்ஜரைத் தவிர்த்து நேரடியாகப் பேட்டரிக்கே மின்சாரத்தை அனுப்புகிறது. 60 கிலோவாட் மணி கொள்ளளவுள்ள பேட்டரியை 10 சதவீதத்திலிருந்து 80 சதவீதத்துக்கு ஏற்ற 42 கிலோவாட் மணி தேவை. 7 கிலோவாட்டில் இதற்கு ஆறு மணி நேரம் ஆகும். 50 கிலோவாட் டிசியில் ஒரு மணி நேரத்துக்குள் முடியக்கூடும்.

கேள்வி: ஒரே நிலையத்தில் வெவ்வேறு வடிவமுள்ள கன்கள் (காரில் செருகும் கேபிள் முனைகள்) தொங்குகின்றன. அடாப்டர் ஒன்றை வாங்கிவிட்டால் எதில் வேண்டுமானாலும் இணைக்கலாம் அல்லவா?

பதில்: அப்படி எண்ணிவிட வேண்டாம். வடிவத்தைப் பொருத்தினால் மட்டும் போதாது, காரும் சார்ஜரும் ஒரே மொழியில் பேசவும் வேண்டும். எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் வேண்டும் என்று கார் கேட்டு, மின்கசிவு இல்லை என்று உறுதிசெய்யும் காப்புச் சோதனையும் முடிந்த பிறகே டிசி பாயத் தொடங்கும். ஜப்பானில் உருவான சாடெமோ என்னும் டிசி சார்ஜிங் முறையில் இந்தப் பேச்சு கேன் என்னும் வாகனத் தகவல் இணைப்பின் வழியாக நடக்கிறது. சிசிஎஸ் என்னும் மற்றொரு முறையிலோ கட்டுப்பாட்டு முனையின் கம்பியிலேயே சமிக்ஞைகள் ஏற்றி அனுப்பப்படுகின்றன. இவ்விரண்டுக்கும் நடுவே அடாப்டர் வேண்டுமென்றால், அது மொழிபெயர்க்கும் மின்னணுக் கருவியாகவே இருக்க வேண்டும்.

சிசிஎஸ் என்பது ஏசி இணைப்பின் அடியில் இரண்டு பருத்த டிசி முனைகளைச் சேர்த்த வடிவம். ஆகவே காரில் ஒரே துளை போதும். அதில் சிசிஎஸ் 1 வட அமெரிக்காவிலும், சிசிஎஸ் 2 ஐரோப்பாவிலும் வேறு பல நாடுகளிலும் புழங்குகின்றன. சாடெமோவுக்கும் சீனாவின் ஜிபி/டி முறைக்கும் ஏசிக்கென்று தனித் துளை தேவை. டெஸ்லா 2022 நவம்பரில் பிறருக்குத் திறந்துவிட்ட நாக்ஸ் வடிவம், ஏசிக்கும் டிசிக்கும் அதே இரு முனைகளைப் பயன்படுத்துவதால் மிகச் சிறியது. அது இப்போது சிசிஎஸ் பேசும் அதே மொழியைப் பேசுவதால், அவ்விரண்டுக்கும் இடையே எளிய அடாப்டர் போதுமானது. எனினும், உங்கள் கார் நிறுவனம் அங்கீகரித்த அடாப்டரைத் தவிர வேறெதையும் வாங்காதீர்கள். நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும் இடத்தில் முனைகள் சற்றே தளர்ந்திருந்தாலும் அவை கடுமையாகச் சூடேறும்.

கேள்வி: என் காரின் உச்ச வரம்பு 100 கிலோவாட். 180 கிலோவாட் சார்ஜரில் இணைத்தால் பேட்டரி கெட்டுவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

பதில்: அஞ்ச வேண்டியதில்லை. எவ்வளவு வேண்டும் என்று கேட்பது கார்தான். சார்ஜர் அதற்கு மேல் திணிப்பதில்லை. ஆனால் உங்கள் அச்சத்துக்கு நேர்மாறான ஓர் ஏமாற்றம் உண்டு. பெட்டியில் எழுதியிருக்கும் எண், மிகவும் உகந்த நிலையில் மட்டுமே கிடைக்கும் உச்சம். திறன் என்பது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவது என்பதால், 125 ஆம்பியர் வரம்புள்ள ஒரு 50 கிலோவாட் சார்ஜர், 350 வோல்ட்டில் இருக்கும் பேட்டரிக்கு ஏறத்தாழ 44 கிலோவாட்தான் தர முடியும். 800 வோல்ட் அமைப்புள்ள கார்கள் பிறந்ததன் காரணமும் இதுவே: அதே 500 ஆம்பியர், 400 வோல்ட்டில் 200 கிலோவாட் ஆகிறது, 800 வோல்ட்டில் 400 ஆகிறது. ஆம்பியரைக் கூட்டிக்கொண்டே போனால் கேபிள் தடித்துக் கனத்துவிடும். உயர்திறன் நிலையங்களில் கேபிளுக்குள் குளிர்விக்கும் திரவத்தை ஓடவிடுவது அதனால்தான்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. 500 வோல்ட்டுக்கு மேல் தர முடியாத பழைய சார்ஜரில் 800 வோல்ட் காரை நேரடியாக ஏற்ற முடியாது. ஹூண்டாய் ஐயோனிக் 5 போன்ற சில கார்கள், மோட்டாரை இயக்கும் இன்வெர்ட்டரையே பயன்படுத்தி வோல்ட்டை உயர்த்திக்கொள்கின்றன. அந்த வசதி இல்லாத காரில் செல்பவர், பயணத்துக்கு முன்பே நிலையத்தின் வோல்ட் வரம்பைப் பார்த்துவிட வேண்டும். இன்னொன்று, பல சார்ஜர்களில் ஒரு பெட்டியின் திறனை இரண்டு கன்கள் பகிர்ந்துகொள்கின்றன. பக்கத்தில் மற்றொரு கார் வந்து இணைந்தவுடன் உங்கள் எண் பாதியாகக் குறைந்தால் வியப்படையாதீர்கள்; வேறு பெட்டி காலியாக இருந்தால் அதற்கு மாறிக்கொள்ளலாம்.

கேள்வி: 80 சதவீதத்துக்குப் பிறகு வேகம் படுத்துவிடுகிறதே, ஏன்?

பதில்: பேட்டரி நிறைய நிறைய, அதன் எதிர்மின்முனையில் உள்ள கிராஃபைட்டுக்குள் லித்தியம் அயனிகள் நுழைவதற்கு இடம் குறைகிறது. அப்போதும் அதே வேகத்தில் தள்ளினால், லித்தியம் உள்ளே போகாமல் மேற்பரப்பில் உலோகமாகப் படிந்து பேட்டரியைப் பாழாக்கும். அதைத் தவிர்க்கவே கார் மின்னோட்டத்தைக் குறைக்கச் சொல்கிறது. பேட்டரி மிகக் குளிர்ந்திருக்கும்போது தொடக்கத்திலேயே மெதுவாக ஏறுவதற்கும் இதே காரணந்தான். ஆகவே உங்கள் காரின் வழிகாட்டும் வரைபடத்தில் (நேவிகேஷன்) சார்ஜிங் நிலையத்தைச் சேருமிடமாகக் குறித்துவிடுங்கள். அந்த வசதியுள்ள கார்கள் போய்ச் சேருமுன்பே பேட்டரியை வெதுவெதுப்பாக்கிக்கொள்ளும். 80இலிருந்து 100 வரை செல்ல, 10இலிருந்து 80க்கு ஆன அளவு நேரமே ஆகலாம் என்பதால், அடுத்த நிலையம் எட்டும் தொலைவில் இருந்தால் 80இல் கன்னைக் கழற்றிவிட்டுப் புறப்படுவதே நல்லது. எட்டாத தொலைவில் இருந்தால் மட்டும் பொறுமையாகக் காத்திருந்து ஏற்றிக்கொள்ளுங்கள்.