நரம்பு வலி, விறைப்பு, தீராத களைப்பு: வேலைக்குப் போகிறவர்களின் கேள்விகளும் பதில்களும்

கேட்டவர்கள் கொழும்பு வாசகர்கள்; ஒவ்வொருவரையும் அவரவர் இடத்தின் பெயரால் குறித்திருக்கிறோம். பதில் சொல்பவர் வலிச் சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் மருத்துவர்.

தொடங்க முன் ஒன்று. இங்கே சொல்லும் அளவுகள் உங்கள் டொக்டரிடம் சரியான கேள்வியைக் கேட்பதற்கு. இதைப் பார்த்து நீங்களாகக் குளிசையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

வெள்ளவத்தை: டொக்டர், எனக்கு 9 வருசமாச் சலரோகம். இரவில ரெண்டு பாதமும் நெருப்பில வைச்ச மாதிரி எரியுது. போர்வை பட்டாலே தாங்கேலாது. பிரிகபாலின் 75 காலையும் இரவும் போடுறன். எரிவு குறைஞ்சிருக்கு, ஆனா கோட்டையில ஒபிசுக்குப் போய் இருந்தா 11 மணி வரைக்கும் தலை கிறுகிறுக்குது. விட்டிடலாமா?

பதில்: விடாதீர்கள், அதுவும் ஒரே நாளில் விடவே கூடாது. பிரிகபாலினைச் சட்டென்று நிறுத்தினால் நித்திரை போகும், வியர்க்கும், ஓங்காளம் வரும், எரிவும் திரும்பி வரும். நிறுத்துவதென்றாலும் குறைந்தது ஒரு கிழமை எடுத்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

உங்கள் எரிவு இரவில், கிறுகிறுப்பு காலையில். ஆகவே காலைப் பங்கைச் சிறிதாக்கி இரவுப் பங்கை அப்படியே வைக்கலாமா என்று எழுதித் தந்த டொக்டரிடம் கேளுங்கள். 25 மில்லிகிராம் கப்சூலும் இருக்கிறது. இந்தக் கிறுகிறுப்பு பலருக்கு முதல் சில கிழமைகளில் தானாகவே தணியும். அதோடு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேற்றினின் இரத்தப் பரிசோதனையைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? இந்த மருந்து சிறுநீரகத்தால்தான் வெளியேறுகிறது. சிறுநீரகம் தளர்ந்திருந்தால் சாதாரண அளவே உடம்பில் தேங்கி மயக்கம் தரும். சலரோகக்காரருக்கு இது முக்கியம். கால் வீங்கினாலோ நிறை ஏறினாலோ அதையும் சொல்லுங்கள். மதுவோடும், டிரமடோல் போன்ற வலிக் குளிசையோடும் சேர்த்தால் மூச்சு மந்தமாகும்.

போர்வைக்கு எளிய வழி: கட்டிலின் கால்மாட்டில் ஒரு சின்ன பிளாஸ்ரிக் ஸ்ரூலைப் பக்கவாட்டில் சரித்து வைத்து, அதன்மேல் போர்வையை விரியுங்கள். பாதம் கூடாரத்துக்குள் இருப்பதுபோல் இருக்கும். ஒபிசில் ஏசிக் காற்று காலில் நேரே விழுகிறதா என்று பாருங்கள். குளிர் இந்த எரிவைக் கிளப்பும். இறுக்கமில்லாத பருத்திச் சொக்ஸை, தையல் வெளிப்பக்கம் வருமாறு புரட்டிப் போடுங்கள். வெறும் ரைல்ஸில் கால் படாமல் ஒரு கம்பளத் துண்டு போடுங்கள். 100 ஆம் இலக்க பஸ்ஸில் நின்றுகொண்டு வருவதே உங்கள் நாளின் பாதிச் சக்தியைத் தின்றுவிடும். அரை மணித்தியாலம் முந்திப் புறப்பட்டு இருந்து வர ஏலுமென்றால் அதுவும் ஒரு மருந்துதான்.

எரிவுக்கு ஐஸ் தண்ணியிலும் விறைப்புக்குச் சுடுதண்ணியிலும் கால் வைக்கிறவர்கள் நிறையப் பேர். இரண்டும் வேண்டாம். சூடு தெரியாத கால் வெந்து போனாலும் உங்களுக்குத் தெரியாது.

கொட்டாஞ்சேனை: நான் வீட்டில தையல். விடியப்புறம் 3 மணிக்கு வலது கை விறைச்சு எழும்புறன். உதறினாச் சுகம். இப்ப ஊசியில நூல் கோக்கவும் கஷ்டம்.

பதில்: அக்கா, எந்த விரல்கள் என்று கவனித்துப் பாருங்கள். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி என்றால் மணிக்கட்டில் நடு நரம்பு நெரிகிறது. சின்ன விரலும் மோதிர விரலின் மற்றப் பாதியும் என்றால் கோளாறு முழங்கைப் பக்கம். மெசின் பலகையில் முழங்கையை ஊன்றுவதாலும் வரும்.

மணிக்கட்டு என்றால், கை நேராக நிற்கும்படி ஒரு மணிக்கட்டுப் பட்டையை இரவில் மட்டும் 6 கிழமை கட்டுங்கள். பலர் மணிக்கட்டு மேல்நோக்கி வளைந்து நிற்கும் பட்டையை வாங்குகிறார்கள். வளைந்தால் உள்ளே அழுத்தம் கூடும். உள்ளே இருக்கும் தகட்டைக் கழற்றி நேராக்கிப் போடலாம். இறுக்கிக் கட்டாதீர்கள், ஒரு விரல் நுழைய வேண்டும். பகலில் கத்தரிக்கோலும் மணிக்கட்டு மடங்கிய பிடியும்தான் எதிரி. வெட்டும் வேலையை ஒரே நாளில் குவிக்காமல் பிரியுங்கள். தைரொயிட், சலரோகம் இரண்டுக்கும் இரத்தம் பாருங்கள், இரண்டும் இதைக் கொண்டு வரும். பெருவிரல் அடியிலுள்ள சதை மற்றக் கையைவிட வற்றியிருந்தால் 6 கிழமை காத்திருக்க வேண்டாம். நரம்புக் கடத்தல் பரிசோதனை செய்து சத்திர சிகிச்சை பற்றிப் பேச வேண்டிய நேரம் அது.

தெஹிவளை: பெனடோல் ஒரு நாளைக்கு 8 போட்டும் கால் வலி போகேல்ல. டைக்ளோபெனக் போடலாமா?

பதில்: நரம்பு வலிக்கு இரண்டும் பெரிதாக வேலை செய்யா. 500 மில்லிகிராம் 8 என்பது ஒரு நாளின் உச்சம், தினமும் போடும் அளவல்ல. டைக்ளோபெனக் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். கிளினிக்குக்குப் போய் “எரியுது, குத்துது, கரண்ட் அடிக்குது” என்று அதே சொற்களால் சொல்லுங்கள். “நோகுது” என்று மட்டும் சொன்னால் மீண்டும் பெனடோல்தான் கிடைக்கும்.

பம்பலப்பிட்டி: பாமசியில நரம்புக் குளிசை எண்டு கேட்டு வாங்கி 2 வருசமாப் போடுறன். பி1 100, பி6 200, பி12 200 எண்டு பெட்டியில இருக்கு. விறைப்பு குறையேல்ல, கூடின மாதிரி. ஒரு நாளைக்கு ரெண்டாக்கலாமா?

பதில்: ஒன்றையும் நிறுத்த வேண்டிய நிலை உங்களுடையது. அந்தப் பெட்டியில் பி6 இன் எண்ணைப் பாருங்கள்: 200 மில்லிகிராம். ஒரு வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்குத் தேவை ஏறத்தாழ 1.3 முதல் 1.7 மில்லிகிராம். நூறு மடங்குக்கு மேல். பி6 அளவு மீறி நாட்பட்டால் அதுவே உணர்வு நரம்பைக் கெடுக்கும், அதன் அறிகுறி காலிலும் கையிலும் விறைப்பு. எதற்காகக் குளிசை போடுகிறீர்களோ அதையே அந்தக் குளிசை தரும். நீங்கள் நோய் கூடிவிட்டது என்று இன்னொன்றைச் சேர்ப்பீர்கள்.

உங்களுக்கு உண்மையில் பி12 குறைவா என்று பார்த்தீர்களா? சலரோகத்துக்கு மெட்போர்மின் பல வருடம் போடுகிறவர், வயிற்று எரிவுக்கு ஒமேபிரசோல் நெடுநாள் போடுகிறவர், மீன், முட்டை, பால் தொடாத சைவக்காரர் இந்த மூன்று பேருக்கும் பி12 இறங்கும். குறைவென்றால் அந்த 200 மைக்ரோகிராம் போதாது. நரம்பு பாதிக்கப்பட்டிருந்தால் 1 மில்லிகிராம் ஊசி, ஆரம்பத்தில் ஒன்றுவிட்ட ஒருநாள். போலிக் அமிலத்தை மட்டும் போட்டால் இரத்தச் சோகை சரியானதுபோல் தெரியும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும். ஊசி தொடங்க முன் இரத்தம் எடுங்கள். பிறகு எடுத்தால் எண்ணை நம்ப முடியாது.

மட்டக்குளி: மன்னிக்கோணும் டொக்டர். அப்பாவுக்கு இதே குளிசையைத்தான் பெரிய டொக்டர் எழுதினவர், அவருக்குச் சுகம். பி விற்றமின் தண்ணியில கரையும், மிச்சம் சிறுநீரில போயிடும் எண்டுதான் படிச்சிருக்கம்.

பதில்: தண்ணீரில் கரைவது உண்மை. எல்லாம் போய்விடும் என்பது பொய். 1983 இலேயே, ஒரு நாளைக்கு 2 முதல் 6 கிராம் பி6 போட்டவர்களுக்கு நடக்கவே முடியாத அளவு நரம்புச் சேதம் வந்தது மருத்துவ இதழில் பதிவானது. அதன்பின் இன்னும் குறைந்த அளவிலும், மாதக்கணக்கில், வருடக்கணக்கில் போட்டவர்களிடம் கண்டார்கள். அமெரிக்காவில் மேல் எல்லை 100 மில்லிகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2023 இல் தன் எல்லையை 12 மில்லிகிராமாக இறக்கியது. அப்பாவுக்கு எவ்வளவு காலத்துக்கு எழுதினார்கள் என்று துண்டைப் பாருங்கள். குறிப்பிட்ட காலத்துக்கு எழுதியதை 3 வருடம் பாமசியில் வாங்கிப் போடுவதுதான் நான் திரும்பத் திரும்பச் சொல்லும் கோளாறு.

கல்கிசை: அப்ப வாழைப்பழமும் மீனும் சாப்பிடேலாதா? அதிலயும் பி6 இருக்கே.

பதில்: தாராளமாகச் சாப்பிடுங்கள். ஒரு வாழைப்பழத்தில் அரை மில்லிகிராமும் இல்லை. சாப்பாட்டால் இந்தச் சேதம் வருவதில்லை.

மட்டக்குளி: அப்ப காசநோய்க்கு மருந்து எடுக்கிற ஆக்களுக்கு பி6 குடுக்கினமே. அது பிழையா?

பதில்: நல்ல கேள்வி. பிழையில்லை. ஐசோனியசிட் உடம்பிலுள்ள பி6 ஐக் குறைத்து நரம்பைக் கெடுக்கும், அதனால் ஈடுசெய்ய 10 முதல் 25 மில்லிகிராம் கொடுக்கிறார்கள். அதை யாரும் நிறுத்தக் கூடாது. காரணம் இருக்கிறது, அளவு சிறிது, முடிவு நாள் இருக்கிறது. அப்பாவின் பெட்டியில் இந்த மூன்றும் இருக்கின்றனவா என்று பார்த்து, டொக்டரிடம் கேட்டு முடிவெடுங்கள்.

வத்தளை: நாரிப் பிடிப்பு 2 மாசம். நேற்றிலிருந்து தொடையின் உட்பக்கம், சிறுநீர் கழிக்கிற இடம் எல்லாம் விறைப்பு. சிறுநீர் வருகுதில்லை. என்ன குளிசை?

பதில்: மற்றவர்கள் பொறுங்கள். இதற்குக் குளிசை இல்லை. முள்ளந்தண்டின் அடியில் நரம்புக்கட்டு நெரிபடும் அவசரம் இது. இப்போதே 1990 ஐ அழைத்து அம்புலன்சில் பெரிய வைத்தியசாலைக்குப் போங்கள். நாளைக் காலை வரை வைத்தால் சிறுநீரும் காலும் திரும்பாமல் போகலாம்.

மருதானை: பைப்ரோமயல்ஜியா எண்டு சொல்லியிருக்கினம். கிழமை நாளில ஒபிஸ், சனிக்கிழமை ஒரே மூச்சில சந்தை, சமையல், உடுப்புத் தோய்ச்சல். ஞாயிறு, திங்கள் எழும்பேலாது. வீட்டில சோம்பேறி எண்டினம்.

பதில்: தங்கச்சி, பைப்ரோமயல்ஜியா உடம்பெங்கும் நாட்பட்ட வலியும் களைப்பும் தரும் நோய். சோம்பேறிக்கு சனிக்கிழமை அவ்வளவு வேலை செய்ய வராது. நல்ல நாளில் எல்லாவற்றையும் செய்து தீர்த்து, அடுத்த இரண்டு நாள் விழுந்து கிடக்கும் சுழல் இது. இதை உடைக்க ஒரு கணக்குப் போடுங்கள்.

ஒரு வேலையை எடுங்கள். கொம்பியூட்டர் முன் இருப்பது என்று வைப்போம். வலி ஏறத் தொடங்கும்வரை எத்தனை நிமிடம் என்று 3 நல்ல நாளும் 3 கெட்ட நாளும் எழுதுங்கள். 30, 25, 20, 20, 15, 10 என்று வந்தால் கூட்டுத்தொகை 120, சராசரி 20. அதில் ஐந்திலொன்றைக் கழித்தால் 16. இனி 16 நிமிடத்தில் போன் மணி அடிக்கும்போது எழும்புங்கள், வலி இல்லாவிட்டாலும். கஷ்டமான பகுதி அதுதான்: நல்லாக இருக்கும்போது நிறுத்துவது. எழும்பி 2, 3 நிமிடம் நடந்து, தோளைச் சுழற்றித் திரும்புங்கள். இரண்டு கிழமை விழாமல் போனால் மட்டும் ஒரு பத்து வீதம் கூட்டுங்கள். சமையலுக்கும் இதே கணக்கு. கதிரையில் இருந்து மரக்கறி வெட்டுங்கள், தேங்காய் துருவுவதை வேறொருவரிடம் கொடுங்கள், உடுப்பைச் சனிக்கு வைக்காமல் இரண்டு நாளாகப் பிரியுங்கள்.

களைப்புக்கு வேறு காரணமும் சேர்ந்திருக்கலாம். ஹீமோகுளோபின், பெரிற்றின் (உடம்பின் இரும்புச் சேமிப்பு), ரிஎஸ்எச் (தைரொயிட்டுக்கு), பி12, வெறும் வயிற்றுச் சீனி, கிரியேற்றினின் பாருங்கள். குறட்டை உண்டென்றால் அதையும் சொல்லுங்கள். இந்த வலிக்கு இரவில் கொடுக்கும் அமிற்றிப்ரிலின் போட்டுக் காலையில் தலை பாரமென்றால் படுக்கும் நேரத்தில் அல்லாமல் 2 மணித்தியாலம் முந்திப் போடுங்கள்.

பொரளை: நான் தினமும் 45 நிமிசம் நடந்துதான் சுகமானேன். ஓய்வு ஓய்வு எண்டா ஆக்களைப் படுக்கையிலதான் விடுவீங்கள்.

பதில்: ஓய்வெடுங்கள் என்று நான் எழுதவில்லை, அளந்து செய்யுங்கள் என்று எழுதினேன். பைப்ரோமயல்ஜியாவுக்கு மெல்ல மெல்லக் கூட்டும் நடை நல்லது, உங்களுக்கு உதவியதில் சந்தோசம். ஆனால் வேலை செய்து 12 முதல் 48 மணித்தியாலத்துக்குப் பின் காய்ச்சல் வந்தவர்போல் அடித்துப் போடும் களைப்பு இருப்பவர்கள் வேறு வகை. அவர்களைப் படிப்படியான பயிற்சியில் தள்ளுவதைப் பிரித்தானியாவில் சிகிச்சை வழிகாட்டல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2021 இல் கைவிட்டது. தள்ளினால் மோசமாவார்கள். மருதானைத் தங்கச்சி, உங்கள் விழுகை எத்தனை மணித்தியாலம் தாமதித்து வருகிறது என்று எழுதி வையுங்கள். பிந்தி வருகிறதென்றால் அந்தப் பத்து வீதம் உங்களுக்கில்லை.

வெள்ளவத்தை (இன்னொருவர்): நரம்புக்கு எந்த விற்றமின் குளிசை நல்லம்?

பதில்: மேலே பம்பலப்பிட்டிக்குச் சொன்னதை வாசியுங்கள்.

கொச்சிக்கடை: சித்த வைத்தியம், எண்ணெய், ஒத்தடம் செய்யலாமா?

பதில்: சித்தம் என் துறையில்லை. பதிவுபெற்ற வைத்தியரிடம் கேளுங்கள். எண்ணெய் தடவுவதில் கெடுதல் இல்லை. விறைத்த காலில் சூட்டு ஒத்தடம் வேண்டாம், செய்தே ஆகவேண்டுமென்றால் சூட்டை முழங்கையால் பாருங்கள், பாதத்தால் அல்ல. பற்பம், செந்தூரம் என்று பெயர் தெரியாத பொட்டலம் வாங்காதீர்கள். சரியாகச் செய்யாததில் ஈயமும் பாதரசமும் தங்கும், ஈயமே நரம்பைக் கெடுக்கும்.

பம்பலப்பிட்டி (இன்னொருவர்): ஆடிவேலுக்குத் தேரோட வெறும் காலில நடக்க நேர்த்தி. சலரோகம், கால் விறைப்பு இருக்கு.

பதில்: கொழும்பு வெயிலில் தார் வீதி சுடும், அந்தச் சூடு உங்களுக்குத் தெரியாது. கிளினிக்கில் 10 கிராம் நைலோன் நூலால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். அது தெரியவில்லையென்றால் வெறும் காலில் நடக்கவே கூடாது. நேர்த்தியை வேறு விதமாக நிறைவேற்ற முடியுமா என்று குருக்களிடம் கேளுங்கள். நடந்துவிட்டீர்களென்றால் அன்றிரவே கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பாருங்கள், கொப்புளத்தை உடைக்காமல் மறுநாளே காட்டுங்கள்.

கிருலப்பனை: முகத்தில ஒரு பக்கம் மின்னல் வெட்டின மாதிரி. பல் துலக்கினா வரும். ரெண்டு பல்லுப் புடுங்கியாச்சு.

பதில்: மூன்றாவதைப் பிடுங்க விடாதீர்கள். முக நரம்பு வலி போலிருக்கிறது, நரம்பியல் கிளினிக்குக்குப் போங்கள். கார்பமசெபின் எழுதினால், தோலில் தடிப்பு வந்த அன்றே நிறுத்திக் காட்டுங்கள்.

நாரஹேன்பிட்டி: கடையில வேலை. கிளினிக்குக்குப் போக லீவு இருக்கா?

பதில்: சட்டம் என் துறையில்லை. கடை, அலுவலக ஊழியர் சட்டத்தில் வருடத்துக்கு 7 நாள் சமயோசித லீவும், 14 நாள் வருடாந்த லீவும் உண்டு. சுகவீனத்துக்கு எடுப்பது அந்த 7. உங்கள் பக்கத்திலேயே இருக்கும் தொழில் திணைக்களத்தில் கேளுங்கள்.

தெமட்டகொடை: டொக்டர், நரம்புக் குளிசை ஒண்டு சொல்லுங்கோ.

பதில்: மீண்டும் இதே கேள்வி. குளிசையின் பெயர் தரமாட்டேன். நாளைக்குக் கிளினிக்குக்குப் போய் பி12, சீனி, தைரொயிட், கிரியேற்றினின் நான்கும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

தெமட்டகொடை: சரி டொக்டர். வெறும் வயித்தில போகோணுமா?

பதில்: சீனிக்கு 8 மணித்தியாலம் வெறும் வயிறு, தண்ணீர் குடிக்கலாம். பிளேன்ரீ கூடாது. காலைச் சலரோகக் குளிசையை இரத்தம் எடுத்த பின், சாப்பாட்டோடு போடுங்கள். சாப்பாட்டைப் பையில் கொண்டு போங்கள்.