வாசகர் கேள்வி பதில்: வகுப்பறைக்குள் கூத்து வாத்தியார்

கேள்வி: அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு எடுக்கிறேன். பக்கத்து ஊர்த் தெருக்கூத்துக் கலைஞர் ஒருவரை இரண்டு வாரம் வரவழைத்துப் பிள்ளைகளோடு வேலை செய்ய வைக்க ஆசை. "ஆண்டு விழாவுக்கு ஒரு கூத்து ரெடி பண்ணிடலாம்" என்று தலைமை ஆசிரியர் சம்மதித்துவிட்டார். பாடம் போய்விடும் என்று சில பெற்றோர் தயங்குகிறார்கள். எப்படித் தொடங்குவது?
— ஆசிரியை, செய்யாறு வட்டாரம்

பதில்: முதலில் தலைமை ஆசிரியரிடம் பேசி அந்த ஆண்டு விழாவை இதிலிருந்து பிரித்துவிடுங்கள். விழா என்று வந்துவிட்டால் குரல் நன்றாக உள்ள ஏழெட்டுப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்து மற்றவர்களை வேடிக்கை பார்க்க உட்கார வைப்பதுதான் நடக்கும், கலைஞரும் பாவம், பதினைந்து நாளில் ஒரு மணி நேர நிகழ்ச்சி தயார் செய்யும் அவசரத்தில் வசனத்தை உருப்போட வைத்துவிட்டுப் போவார். உங்களுக்கு வேண்டியது வகுப்பில் உள்ள அத்தனை பிள்ளைகளும் தினமும் எழுந்து நின்று எதையாவது செய்து பார்ப்பது.

பாடம் போகுமே என்ற பயத்துக்குப் பதில் கூத்துக்குள்ளேயே இருக்கிறது. கூத்தில் முக்கிய வேஷக்காரர் எப்படி உள்ளே வருவார்? இரண்டு பேர் திரை பிடித்து நிற்க, அதற்குப் பின்னால் இருந்தபடியே தன்னைப் பற்றிப் பாடுவார். கூத்தை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரன் குறுக்கே புகுந்து நீங்கள் யார், எந்த நாடு, எதற்காக வந்தீர்கள் என்று கேள்வி மேல் கேள்வியாகக் கேட்பான். பாட்டில் சொன்னதையே பேச்சு வழக்கில் சபைக்கு விளங்க வைப்பதும் அவன்தான். இதை அப்படியே வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். இரண்டு பிள்ளைகள் ஒரு வேட்டியைப் பிடிக்கட்டும், பின்னால் இருந்து பாண்டியன் நெடுஞ்செழியன் வரட்டும், கட்டியங்காரனாக நிற்கும் பிள்ளை "காற்சிலம்பை உடைத்துப் பார்க்காமலே எப்படி ராஜா தீர்ப்பு சொன்னீங்க?" என்று கேட்கட்டும். பதில் சொல்ல வேண்டுமென்றால் ராஜா வேஷம் போட்ட பிள்ளை சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைப் படித்துவிட்டுத்தான் வர வேண்டும், கேள்வி கேட்கிற பிள்ளையும் படித்தே ஆக வேண்டும். அறிவியலிலும் இது நடக்கும். நீராவி வேட்டிக்குப் பின்னால் வந்து நிற்கும், எங்கிருந்து புறப்பட்டாய், மேலே போனதும் ஏன் குளிர்ந்தாய், மறுபடி எப்படித் தண்ணீரானாய் என்று கட்டியங்காரன் விடாமல் கேட்பான். ஒவ்வொரு நாளும் கட்டியங்காரன் மாற வேண்டும், அது முக்கியம். பாடம் எங்கேயும் போகாது என்பதைத் தயங்கும் பெற்றோரை ஒரு நாள் வகுப்பில் உட்கார வைத்துக் காட்டிவிடுங்கள், நீண்ட விளக்கம் எதுவும் தேவைப்படாது.

அப்புறம், நீங்கள் வகுப்பை விட்டு நகரக் கூடாது. கலைஞர் வந்துவிட்டார் என்று விடைத்தாள் திருத்த ஓய்வறைக்குப் போய்விட்டால் இரண்டு வாரம் முடிந்ததும் எல்லாம் முடிந்துவிடும். அடவை, அதாவது ஆட்ட அசைவுகளை, கலைஞர் சொல்லித் தரட்டும், பாடத்தை எங்கே பிடிக்கலாம் என்பது உங்களுக்குத்தான் தெரியும், இரண்டு பேரும் முதல் நாளுக்கு முன்பே உட்கார்ந்து எந்தெந்தப் பாடம் என்று பேசி வைத்துவிடுங்கள். வெளியாள் ஒருவர் பிள்ளைகளோடு இருக்கும்போது ஆசிரியர் ஒருவர் உடனிருப்பது பாதுகாப்புக்கும் அவசியம். அவரை நீங்கள் எப்படி அழைக்கிறீர்கள் என்பதைப் பார்த்துத்தான் பிள்ளைகளும் அழைப்பார்கள். அவருடைய ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், அவர் வாத்தியார் என்றால் பள்ளியிலும் வாத்தியார் என்றே கூப்பிடுங்கள்.

கேள்வி: அரசே கலைத் திருவிழா நடத்துகிறது. கலைஞரைத் தனியாக அழைத்து வர வேண்டுமா?
— ஒரு பெற்றோர், திண்டிவனம்

பதில்: 2022-23இல் தொடங்கிய கலைத் திருவிழாவை நான் மனதார வரவேற்கிறேன். பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போய் கலையரசன், கலையரசி பட்டம் வாங்கும் கிராமத்துப் பிள்ளைகளைப் பார்த்தால் சந்தோஷமாகவே இருக்கிறது. ஆனால் போட்டி என்றால் வடிகட்டல் இருக்கும். முதல் சுற்றிலேயே வெளியே வந்த பிள்ளைக்கும், பெயரே கொடுக்காத பிள்ளைக்கும் அதற்குப் பிறகு என்ன? அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் கலைஞர் வகுப்புக்கு வர வேண்டும் என்கிறேன்.

இது புதிய யோசனையும் கிடையாது. இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் பெல்கிரேட் தியேட்டர் 1965இலேயே இதற்கென்று ஒரு குழு அமைத்துப் பள்ளிகளுக்கு அனுப்பியது, பிள்ளைகளைப் பார்வையாளர்களாக உட்கார வைக்காமல் கதைக்குள்ளேயே இழுத்துவிடுவதுதான் அவர்கள் முறை. டெல்லியில் தேசிய நாடகப் பள்ளி 1989இல் கல்விக்கான நாடகக் குழு ஒன்றைத் தொடங்கியது. இலங்கையில் 'நாடகமும் அரங்கியலும்' பரீட்சைக்குரிய பாடமாகவே இருக்கிறது, அங்கே சிறுவர் அரங்கை வளர்த்ததில் யாழ்ப்பாணத்து நாடகாசிரியர் 'குழந்தை' ம. சண்முகலிங்கத்தின் பங்கு பெரியது. நம் ஊரில் கூத்தும் பறையும் தோல்பாவையும் தெரிந்தவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள், அவர்கள் கால அட்டவணைக்குள் வராமல் இருப்பதுதான் எனக்கு ஆதங்கம்.

கேள்வி: கலைஞருக்கு எவ்வளவு கொடுப்பது? பள்ளியில் பணம் இல்லை. சேவையாகச் செய்யச் சொல்லலாமா?
— தலைமை ஆசிரியர், காஞ்சிபுரம் மாவட்டம்

பதில்: சொல்லாதீர்கள். ஓர் இரவு ஆட்டத்துக்கு அவர் பங்காக என்ன கிடைக்கும் என்று அவரிடமே கேளுங்கள், ஒரு நாள் பள்ளி வேலைக்கு அதை விடக் குறையாமல் கொடுங்கள், போக்குவரத்தும் சாப்பாடும் தனி. பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்துத் தீர்மானமாக எழுதிவிட்டு முன்னாள் மாணவர்களிடம் கேட்கலாம், 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' என்ற அரசுத் திட்டம் வழியாக நன்கொடை கேட்கவும் வழி உண்டு. பணம் குறைவாகத்தான் சேர்ந்தது என்றால் நாளைக் குறையுங்கள், கூலியைக் குறைக்க வேண்டாம். ஆனால் ஒரே நாள் என்று சுருக்கிவிடாதீர்கள், முதல் நாள் முழுக்கப் பிள்ளைகள் சிரித்து முடிக்கவே சரியாக இருக்கும்.

மாதத்தையும் பார்த்து அழையுங்கள். வட மாவட்டங்களில் பங்குனியிலிருந்து ஆடி வரை திரௌபதி அம்மன் கோவில் பாரதக் கூத்து நடக்கும், விடிய விடிய ஆடிவிட்டு வந்தவரைக் காலை ஒன்பதரைக்கு வகுப்பில் நிற்கச் சொல்வது நியாயமில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் ஆட்டம் குறைவு, வருமானமும் குறைவு. அவருக்கு அப்போதுதான் வேலை தேவைப்படும்.

கேள்வி: என் மகள் யார் முன்னாலும் பேச மாட்டாள். பள்ளியில் நாடகம் என்றதும் காய்ச்சல் என்று படுத்துவிட்டாள். விட்டுவிடலாமா?
— ஓர் அம்மா, வேலூர்

பதில்: பேச வைக்க வேண்டாம் என்று ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஆனால் அனுப்புங்கள். திரை பிடிக்க ஆள் வேண்டும், தாளம் போட ஆள் வேண்டும், அட்டையில் கிரீடமும் தோளில் கட்டும் புஜக்கட்டையும் செய்து வண்ணம் அடிக்க ஆள் வேண்டும், பின்பாட்டுக்குக் கூட்டமாகக் குரல் கொடுக்கவும் ஆள் வேண்டும். இதில் அவளுக்குப் பிடித்ததை அவளே எடுத்துக்கொள்ளட்டும். வீட்டுக்கு வந்ததும் "இன்னிக்கு நீ பேசினியா?" என்று மட்டும் கேட்காதீர்கள். திரை பிடித்த கதையைச் சொன்னால் முழுசாகக் கேளுங்கள்.